எடை குறையாத ஸ்மூத்தி: அறிகுறி பார்த்துப் பழுது நீக்குவது

ஒரு பிளெண்டரைக் கழற்றினால் அந்த வீட்டுச் சமையலறை தெரிந்துவிடும். பிளேடுக்குக் கீழே வாஷர் உட்காரும் பள்ளத்தில், எத்தனை தடவை கழுவினாலும், கொஞ்சம் மிச்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். ரங்கூனில் ஒரு சந்துக்குள் ஃபேன், ரைஸ் குக்கர், பிளெண்டர் பழுது பார்க்கிற சின்னக் கடை எனக்கு. (யாங்கோன் என்று எழுதுவதுதான் முறை. எங்கள் வீட்டில் இன்னும் ரங்கூன்தான், மன்னித்துக்கொள்ளுங்கள்.) இந்த நாலைந்து வருடமாக பிளெண்டர் கொண்டுவருகிறவர்கள் கூடவே இன்னொரு புகாரையும் கொண்டுவருகிறார்கள். "அண்ணே, தினமும் காலையில ஸ்மூத்திதான். ஆனா எடை மட்டும் குறையவே இல்ல."

நான் பதில் சொல்வதில்லை. வாஷரைக் கழற்றி முகர்ந்து பார்ப்பேன். பெரும்பாலும் கன்டென்ஸ்டு மில்க் வாடைதான் வரும்.

எனக்கும் அதே புகார் இருந்தது. 194 பவுண்டு இருந்தேன். சர்க்கரை அளவு எல்லையில் நிற்கிறது என்று டாக்டர் சொன்ன அன்று மாலையே ஒரு பழைய பிளெண்டரைச் சரிசெய்து வீட்டுக்கு எடுத்துப்போனேன். அடுத்த இரண்டு மாதத்தில் மூன்று பவுண்டு கூடியதுதான் மிச்சம். நர்ஸாக இருக்கும் தங்கச்சி மகள் ஒருநாள் காலை என் பக்கத்தில் நின்று, நான் ஜாருக்குள் போடுவதை எல்லாம் வாய்விட்டு எண்ணினாள். அதற்குப் பிறகுதான் ஒரு மிஷினைப் பார்க்கிற மாதிரி இதைப் பார்க்க ஆரம்பித்தேன். அறிகுறி என்ன, அது எங்கிருந்து வருகிறது, எதை மாற்ற வேண்டும். ஒரு வருடத்தில் 22 பவுண்டு இறங்கியது. அந்த ஒரு வருடத்தில் நான் செய்த தப்புகளும், கடைக்கு வந்தவர்கள் செய்த தப்புகளும் கீழே இருக்கின்றன. உங்கள் அறிகுறி எதுவோ அந்த இடத்துக்கு நேராகப் போகலாம். ஆனால் முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

முதலில் ப்ளக்கைப் பாருங்கள்

ஃபேன் ஓடவில்லை என்று யாராவது வந்தால் மோட்டாரைக் கழற்ற மாட்டேன். முதலில் ப்ளக், அப்புறம் ஒயர், அதற்கு அப்புறம்தான் உள்ளே. ஸ்மூத்திக்கு ப்ளக் எது என்றால், அது எதற்குப் பதிலாக வந்தது என்ற கேள்விதான்.

முன்பெல்லாம் காலையில் மொஹிங்கா (மீன் குழம்பு ஊற்றிய அரிசி நூடுல்ஸ்) ஒரு கிண்ணம், மேலே சுரைக்காய் பஜ்ஜி, கூட ஒரு பால் டீ சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். இப்போது அதையெல்லாம் நிறுத்திவிட்டு ஸ்மூத்தி மட்டும் என்றால் எடை குறைய வழி இருக்கிறது. முன்பு வெறும் டீயோடு கடைக்குப் போய்விடுவீர்கள், இப்போது "காலை உணவு முக்கியமாச்சே" என்று ஸ்மூத்தி ஆரம்பித்திருக்கிறீர்கள் என்றால் நீங்கள் எதையும் குறைக்கவில்லை, கூட்டியிருக்கிறீர்கள். வேறு சிலர் ஸ்மூத்தியைக் குடித்துவிட்டு, டீக்கடையில் நண்பர் கூப்பிட்டார் என்று ஒரு பலாட்டாவையும் (நம் பரோட்டாதான்) பிய்த்துப் போட்டுக்கொள்வார்கள். அந்தக் கணக்கு எனக்குத் தெரியும். அந்த நண்பர் நான்தான்.

காலை உணவு சாப்பிட்டால் எடை குறையும் என்று பல வருடமாகச் சொல்லி வந்தார்கள். 2019-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில், 13 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த ஓர் ஆய்வு வந்தது. காலையில் சாப்பிடச் சொன்னவர்களை விடச் சாப்பிட வேண்டாம் என்று சொன்னவர்கள்தான் சராசரியாக அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கீழே குறைவாக இருந்தார்கள். வித்தியாசம் சின்னது, சோதனைகளும் குறுகிய காலத்தவை. அதனால் காலையில் பட்டினி கிடங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பசிக்காதவர் எடை குறைக்கவென்றே ஒரு ஸ்மூத்தியைப் புதிதாகச் சேர்க்க வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

ப்ளக் சரியாக இருக்கிறதா? சரி, உள்ளே போகலாம்.

அறிகுறி: மூன்று வாரமாகியும் முள் நகரவில்லை

கடைக்கு வருகிற புகார்களில் முக்கால்வாசி இதுதான். காரணத்தைத் தேட வேண்டியதே இல்லை, ஜாரிலேயே இருக்கும்.

நம் ஊர் தோபத்தீ ஷேக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஷான் மலையிலிருந்தும் சின் மலையிலிருந்தும் வருகிற அந்தப் பழத்துக்கு பர்மியப் பெயரும் வெண்ணெய்ப்பழம்தான், தமிழிலும் வெண்ணெய்ப்பழம்தான் (அவகாடோ). இரண்டு மொழிக்காரர்களும் நாக்கில் ஒன்றையே கண்டிருக்கிறார்கள். அதில் பாதிக் கலோரிக்கு மேல் கொழுப்பிலிருந்து வருகிறது. நல்ல கொழுப்புதான், இதயத்துக்குக் கெடுதல் இல்லை, நார்ச்சத்தும் உண்டு. ஆனாலும் 100 கிராம் சதைக்கு 160 கலோரி. கடையில் போடுவதுபோல 150 கிராம் போட்டால் 240. அதோடு கன்டென்ஸ்டு மில்க் மூன்று மேசைக்கரண்டி, அது ஒரு 190. ஒரு குவளைப் பால் சேர்த்தால் இன்னும் 90, 100. மேலே "கொஞ்சூண்டு" சர்க்கரை ஒரு கரண்டி, 50. கூட்டிப் பாருங்கள், 570-ஐத் தாண்டுகிறது. இதைக் குடித்துவிட்டு "காலையில ஒண்ணுமே சாப்பிடல, ஒரு ஜூஸ்தான்" என்று சொல்கிறோம்.

கன்டென்ஸ்டு மில்க்கை இங்கே நோஸி என்பார்கள். நோ என்றால் பால், ஸீ என்றால் எண்ணெய். பெயர் வைத்தவருக்கு விவரம் தெரிந்திருக்கிறது. நம் வீடுகளில் அந்த டின் காலியானாலும் போகாது, அரிசி அளக்க வைத்துக்கொள்வோம். அரிசியை டின் கணக்கில் ஒரு குருணை பிசகாமல் அளக்கிற அதே கை, டின்னுக்குள் இருந்ததை மட்டும் அளக்காமல் கவிழ்த்துவிடும்! மூன்று கரண்டி நோஸியில் கலந்திருக்கிற சர்க்கரையே 25 கிராமைத் தொட்டுவிடும். உலக சுகாதார நிறுவனம் 2015-இல், ஒரு நாளைக்கு இதற்குள் நிறுத்தினால் நல்லது என்று சொன்ன அளவும் ஏறக்குறைய அந்த 25 கிராம்தான்.

"நான் நோஸியே போடுறதில்ல, தேன்தான்" என்பவர்கள் அடுத்த ரகம். ஒரு மேசைக்கரண்டித் தேன் 60 கலோரிக்கு மேல், 17 கிராம் சர்க்கரை. அதே நிறுவனத்தின் கணக்கில் தேனும் பழச்சாறும் சர்க்கரை வகையில்தான் வருகின்றன. தேன் மருந்து என்று பாட்டி சொன்னதும் உண்மைதான். ஆனால் பாட்டி அதைக் கரண்டி நுனியில்தான் கொடுத்தாள்.

மூன்றாவது ரகம், எதுவுமே இனிப்பாகப் போடாதவர்கள். எனக்குப் புரியாமல் இருந்ததும் இந்த ரகம்தான். நான் போட்டது இரண்டு வாழைப்பழம், ஒரு செயின்தலோன் மாம்பழம், நாலு பேரீச்சம்பழம், வேர்க்கடலை ஒரு பிடி, தேங்காய்ப்பால் ஒரு குவளை. எல்லாமே உடம்புக்கு நல்லவை. ஆனால் நடுத்தர வாழைப்பழம் ஒன்று 105 கலோரி, பெரிய பேரீச்சம்பழம் ஒன்று 60-ஐத் தாண்டும், வேர்க்கடலை 30 கிராம் 170, கெட்டித் தேங்காய்ப்பால் 100 மில்லிக்கு 200-க்குக் குறையாது. தங்கச்சி மகள் எண்ணி முடித்தபோது ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. தட்டில் வைத்துக் கொடுத்தால் இரண்டு வாழைப்பழத்தோடு நிறுத்தியிருப்பேன். அரைத்துவிட்டால் எத்தனை பழம் உள்ளே போயிற்று என்று வாய்க்குத் தெரியாது.

சரிசெய்வது இப்படி. மூன்று நாளுக்கு மட்டும், ஜாருக்குள் போவதை எல்லாம் தராசில் வைத்துப் போடுங்கள். மூன்று நாள் போதும், அதற்குப் பிறகு கண்ணே அளக்கப் பழகிவிடும். கலோரி கணக்கு போடப் பிடிக்காதவர்கள் ஒரு விதியை வைத்துக்கொள்ளலாம். கொழுப்புள்ள பொருள் ஒன்றுதான் (தோபத்தீயோ கடலையோ தேங்காய்ப்பாலோ, ஏதோ ஒன்று), பழம் ஒரு கைப்பிடி, கரண்டியால் ஊற்றுகிற இனிப்பு எதுவும் கிடையாது.

ஜாருக்குள் பிழை இல்லை என்றால் ஜாருக்கு வெளியே பாருங்கள். டீக்கடையில் ஒரு நாளைக்கு எத்தனை டீ? சோ செயிங் என்று இனிப்பும் பாலும் தூக்கலாகக் கேட்டுக் குடிக்கிறவர்கள் ஒவ்வொரு கோப்பையிலும் இரண்டு கரண்டி நோஸி குடிக்கிறார்கள். மூன்று டீ குடித்தால் 350 கலோரிக்கு மேல். அந்தக் கடையிலேயே சீனப் பச்சைத் தேநீர் மேசைமேல் சும்மா வைத்திருக்கிறார்கள், ஃப்ளாஸ்க் நிறைய, காசு கிடையாது. எனக்கு எடை இறங்கியதில் ஸ்மூத்தியை விட அந்த ஃப்ளாஸ்க்குக்குத்தான் பங்கு அதிகம் என்று நினைக்கிறேன்.

அறிகுறி: பத்தரை மணிக்கே பசி

ஏழரைக்குக் குடித்தது பத்தரைக்குத் தாங்கவில்லை என்றால் கை சமோசாவைத் தேடும். இந்தப் பழுதுக்குக் காரணம் வயிறு மட்டும் அல்ல, குடித்து முடிக்கிற நேரமும் சேர்ந்தது.

1977-இல் லேன்செட் மருத்துவ இதழில் வந்த ஒரு சோதனை எனக்குப் பிடித்தமானது, ஏனென்றால் அது மிஷின் சோதனை மாதிரி எளிமையானது. ஒரே அளவு ஆப்பிளை முழுதாகவும், மசித்துக் கூழாகவும், சாறாகவும் கொடுத்துப் பார்த்தார்கள். முழு ஆப்பிளை விடச் சாறு 11 மடங்கு வேகமாக உள்ளே போயிற்று, கூழை விட 4 மடங்கு வேகமாக. பசியடங்கும் வரிசையும் அதேதான். முழுப்பழம் முதல், கூழ் நடுவில், சாறு கடைசி. 2009-இல் அமெரிக்காவில் இதையே வேறு மாதிரி செய்தார்கள். சாப்பாட்டுக்கு முன் முழு ஆப்பிள் தின்றவர்கள், ஒன்றும் தின்னாமல் உட்கார்ந்த நாளை விட அந்த மதியம் மொத்தத்தில் 15 சதவீதம் குறைவாகச் சாப்பிட்டார்கள், ஆப்பிளின் கலோரியையும் சேர்த்தே. சாறு குடித்த நாளில் அந்தப் பலன் இல்லை.

இன்னொன்று 2000-இல் வந்தது. ஒரே ஆட்களுக்கு நாளைக்கு 450 கலோரி, ஒரு நாலு வாரம் மிட்டாயாக, இன்னொரு நாலு வாரம் சோடாவாக. மிட்டாய் தின்ற காலத்தில் மற்ற சாப்பாட்டைத் தானாகவே குறைத்துக்கொண்டார்கள். சோடா குடித்த காலத்தில் குறைக்கவில்லை, எடையும் ஏறியது. மென்று தின்றதை உடம்பு வரவு வைத்துக்கொள்கிறது, குடித்ததை எழுதாமல் விட்டுவிடுகிறது.

ஸ்மூத்தி சாறு அல்ல, கூழ் பக்கம்தான். நார் உள்ளேயே இருக்கிறது. அதனால் அதைச் சாறாக மாற்றாமல் பார்த்துக்கொள்வதுதான் நம் வேலை. வடிகட்டாதீர்கள். தண்ணீரைக் குறைத்து, ஸ்ட்ரா இறங்காத அளவுக்குக் கெட்டியாக வையுங்கள். கிண்ணத்தில் ஊற்றிக் கரண்டியால் சாப்பிடுங்கள். இரண்டு நிமிடம் ஓட்ட வேண்டாம், அரை நிமிடம் போதும், துண்டு துண்டாகக் கிடக்கட்டும். மோட்டாருக்கும் அது நல்லது.

அடுத்தது புரதம். பழமும் பழமும் சேர்ந்த ஸ்மூத்தியில் புரதம் என்று சொல்லவே ஒன்றும் இருக்காது. பவுடர் டப்பா விலை கேட்டால் தலை சுற்றுகிறது, அது அவசியமும் இல்லை. நான் ஒரு வருடமாகச் செய்வதைச் சொல்கிறேன். புளிக்காத தயிர் 150 கிராம், பப்பாளி 100 கிராம், வாழைப்பழம் பாதி, பொட்டுக்கடலை மாவு 20 கிராம், வறுத்த வேர்க்கடலை 10 கிராம், ஊறவைத்த சப்ஜா விதை ஒரு தேக்கரண்டி. ஏறக்குறைய 315 கலோரி, புரதம் 12 கிராம். பக்கத்தில் ஒரு அவித்த முட்டை. அது 75 கலோரியும் 6 கிராம் புரதமும் தருகிறது, முக்கியமாக மெல்ல வைக்கிறது. முட்டை சாப்பிடாத வீட்டில் சோயா பால் ஊற்றலாம், ஆனால் தெருவில் விற்பது இனிப்புப் போட்டது, இனிப்பில்லாமல் கேட்டு வாங்க வேண்டும். சோயாவை வீட்டில் அரைத்துப் பால் எடுக்கிறவர்கள் நன்றாகக் கொதிக்கவிடுங்கள். பச்சை சோயாவை ஸ்மூத்தியில் போடவே கூடாது. கடலை மாவையும் பச்சையாகப் போட வேண்டாம், பொட்டுக்கடலை வறுத்தது என்பதால்தான் அதைச் சொன்னேன்.

மனதில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். இத்தனை பாடுபட்டு பிளெண்டரில் புரதம் சேர்ப்பதற்குப் பதிலாக, காலையில் தெருமுனையில் சூடாக விற்கிற பேப்யோ, அதாவது முளைகட்டி அவித்த பட்டாணி, ஒரு கிண்ணம் வாங்கி, எண்ணெயைக் கொஞ்சமாக ஊற்றச் சொல்லி, வெங்காயமும் எலுமிச்சையும் பிழிந்து மென்று தின்றால் புரதமும் நாரும் சேர்ந்தே கிடைக்கிறது. பக்கத்தில் பாதிக் கொய்யா. மதியம் வரை பசி எட்டிப் பார்க்காது. பிளெண்டர் பழுது பார்க்கிறவன் இப்படிச் சொல்வது தொழிலுக்கு நல்லதில்லைதான்.

அறிகுறி: முதல் வாரம் நாலு பவுண்டு இறங்கியது, அப்புறம் நின்றுவிட்டது

இதில் பழுது ஒன்றும் இல்லை. முதலில் இறங்கியது பெரும்பாலும் தண்ணீர். உடம்பு ஈரலிலும் தசையிலும் மாவுச்சத்தைச் சேமித்து வைத்திருக்கிறது. அதில் ஒவ்வொரு கிராமோடும் சுமார் 3 கிராம் தண்ணீர் ஒட்டியிருக்கும். சாப்பாட்டைக் குறைத்தவுடன் முதலில் செலவாவது அந்தச் சேமிப்பு, கூடவே தண்ணீரும் போகிறது. கொழுப்பு அவ்வளவு சுலபமாக இடத்தைக் காலி செய்யாது.

கணக்கை நம் ஊர் அளவில் போட்டுப் பார்க்கலாம். ஒரு வீசை என்றால் 1.63 கிலோ. ஆங்கிலத்தில் இந்த அளவைக்கு எழுதுகிற விஸ் என்ற சொல்லே நம் வீசையிலிருந்து போனதுதான். ஒரு கிலோ கொழுப்பில் சுமார் 7,700 கலோரி, அப்படியானால் வீசைக்குப் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு. நாளைக்கு 300 கலோரி ஒழுங்காகக் குறைத்துவந்தால் ஒரு வீசை கரைய ஆறு வாரம். எடை இறங்க இறங்க உடம்பு செலவழிப்பதும் குறையும், அதனால் அடுத்த வீசைக்கு இன்னும் கொஞ்சம் கூடவே ஆகும். இது தெரியாமல் மூன்றாவது வாரம் வெறுத்துப்போய் விட்டவர்கள் நிறையப் பேர்.

முள்ளைப் படிப்பதிலும் பிழை வரும். முந்தின இரவு ஙப்பியும் (உப்பிட்டுப் புளிக்கவைத்த மீன் விழுது) கருவாடும் தொட்டுக்கொண்டு சாப்பிட்டால் உப்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், காலையில் இரண்டு பவுண்டு ஏறியிருக்கும். அது கொழுப்பு அல்ல. பெண்களுக்கு மாதவிலக்கை ஒட்டிய நாட்களிலும் இப்படித்தான். வாரத்தில் மூன்று நாள், காலையில் கழிவறை போய்வந்த பிறகு, அதே தராசில், அதே தரையில் நின்று பாருங்கள். மூன்றையும் கூட்டிச் சராசரி எடுங்கள். நாலு வாரச் சராசரி இறங்கவே இல்லை என்றால்தான் பிழை. அப்போது மேலே மூன்று வாரப் பகுதிக்குத் திரும்பிப் போங்கள்.

அறிகுறி: பகலில் நல்ல பிள்ளை, இரவில் சட்டி காலி

காலையில் 150 கலோரிக்குப் பச்சைத் தண்ணீர் போல ஒன்றைக் குடித்துவிட்டு, மதியமும் பாதி வயிற்றோடு எழுந்து, ராத்திரி ஒன்பது மணிக்குச் சட்டியை வழிக்கிறவர்கள். என் மைத்துனர் இந்த ரகம். இவர்களுக்கு ஸ்மூத்தியைக் குறைக்கக் கூடாது, கூட்ட வேண்டும். மேலே சொன்ன 315-ஐயும் முட்டையையும் முழுதாகச் சாப்பிடச் சொன்னேன். இரவுச் சோறு தானாகவே ஒரு கரண்டி குறைந்தது.

அறிகுறி: வயிறு உப்புகிறது, அல்லது கலக்குகிறது

பால் ஊற்றினீர்களா? பெரியவர்களில் பலருக்கு, நம் ஆட்களிலும் பர்மியரிலும், பாலில் இருக்கிற லாக்டோஸ் முழுதாகச் செரிக்காது. டீயில் ஊற்றுகிற அளவுக்குத் தெரியாது, ஒரு குவளை குடித்தால் தெரியும். ஒரு வாரம் பாலை விட்டுத் தயிருக்கு மாறிப் பாருங்கள். மாறியவுடன் சரியானால் பிழை பிடிபட்டது.

தயிருக்கும் போகவில்லை என்றால் நாரைப் பாருங்கள். நேற்று வரை வெள்ளைச் சோறு, இன்று முதல் சப்ஜா, ஓட்ஸ், கீரை, கொய்யா எல்லாம் ஒரே ஜாரில் என்றால் குடல் என்ன செய்யும்? ஒன்றொன்றாக, நாலு நாளுக்கு ஒன்று என்று சேருங்கள். நுரை அடங்குகிற வரை வைத்திருந்து மெதுவாகக் குடித்தால் காற்றும் குறையும்.

கலக்கிக்கொண்டு போனால் ஐஸைச் சந்தேகப்படுங்கள். வண்டியில் சாக்கு சுற்றிப் போகிற ஐஸ் பாளம் எந்தத் தண்ணீரில் உறைந்ததோ, தெருவில் எங்கே இறக்கி வைத்து உடைத்தார்களோ. கொதித்து ஆறிய தண்ணீரில் வீட்டில் உறைய வையுங்கள், இல்லாவிட்டால் ஐஸ் இல்லாமல் குடியுங்கள். இரண்டு நாள் பேதியில் மூன்று பவுண்டு குறைந்ததை என்னிடம் சந்தோஷமாகச் சொன்ன ஒருவர் உண்டு. அவருக்கு வாழ்த்துச் சொல்லாமல் உப்பும் சர்க்கரையும் கலந்த ஓஆர்எஸ் பாக்கெட் வாங்கிக்கொடுத்தேன்.

அறிகுறி: கை நடுங்குகிறது, வியர்க்கிறது, கண் இருட்டுகிறது

இங்கே நீங்களாகப் பழுது பார்க்கக் கூடாது. சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ, கிளிமிபிரைடு, கிளிக்லசைடு போன்ற மாத்திரையோ எடுக்கிறவர் திடீரென்று காலை உணவைக் குறைத்தால் ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே போய்விடலாம். மாத்திரை பழைய சாப்பாட்டுக்கு அளந்து கொடுத்தது, சாப்பாடு மட்டும் மாறிவிட்டது. நடுக்கம் வந்தால் உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்துவிட்டு, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பரிசோதியுங்கள். அடுத்த வேலை டாக்டரிடம் போய் மாத்திரை அளவைக் கேட்பது. ஸ்மூத்தியை அதற்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். எதிர்ப்பக்கமும் நடக்கும். பழத்தை நிறைய அரைத்துக் குடித்துச் சர்க்கரை ஏறுகிறவர்கள் உண்டு. குளூக்கோமீட்டர் இருந்தால் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை குத்திப் பாருங்கள், எந்தக் கட்டுரையை விடவும் அந்த ஓர் எண் உங்களுக்கு அதிகம் சொல்லும்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் நட்சத்திரப் பழத்தைத் தொடவே கூடாது. நரம்பைத் தாக்கி உயிருக்கே ஆபத்தாகும். பாலக் கீரையை ஜார் ஜாராக அரைத்துக் குடிப்பதும் அவர்களுக்கு ஆகாது, அதில் ஆக்சலேட் அதிகம். கொழுப்புக்கு ஸ்டாட்டின் மாத்திரை எடுக்கிறவர்கள் பம்ப்ளிமாசை அரைத்துக் குடிக்கும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

இன்னொரு அறிகுறியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சாப்பாட்டை மாற்றவே இல்லை, ஆனால் எடை மட்டும் மாதா மாதம் இறங்குகிறது என்றால் ஸ்மூத்தி வேலை செய்கிறது என்று நினைக்காதீர்கள். ஆறு மாதம், ஒரு வருடத்தில் எடையில் இருபதில் ஒரு பங்கு தானாகப் போய்விட்டால் சர்க்கரை, தைராய்டு, காசநோய் என்று பார்க்க வேண்டியவை இருக்கின்றன. இருமலும் இருந்தால் நாளைக்கே போங்கள்.

அறிகுறி: கரண்டு இல்லை

இதை அறிகுறி என்று எழுதக் கூடாதுதான், ஆனால் ரங்கூனில் காலை ஸ்மூத்தி நின்றுபோவதற்கு இதை விடப் பெரிய காரணம் எதுவும் எனக்குத் தெரியாது. கரண்டு வருகிற நேரத்தை நம்பி இரவே அரைத்து வைக்கிறவர்கள் உண்டு. ஃப்ரிட்ஜும் அதே கரண்டில்தான் ஓடுகிறது என்பதை மறந்துவிடுவார்கள். பாலும் பழமும் கலந்தது நம் வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே நின்றால் கொட்டிவிடுங்கள், முகர்ந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

கரண்டு இல்லாத காலையில் நான் தயிரை மத்தால் கடைந்து, பப்பாளியையும் வாழைப்பழத்தையும் முள்கரண்டியால் மசித்துப் போட்டு, பொட்டுக்கடலை மாவைத் தூவிக் கிண்ணத்தில் சாப்பிடுவேன். அம்மா பார்த்துவிட்டு, "இதத்தாண்டா உங்க தாத்தா கேப்பங்கூழுன்னு குடிச்சாரு, பழத்துக்குப் பதிலா சின்ன வெங்காயத்தக் கடிச்சுக்கிட்டு" என்றாள். அது உண்மையோ இல்லையோ, கையால் மசித்தது துண்டு துண்டாக இருப்பதால் மென்றுதான் விழுங்க வேண்டியிருக்கிறது, பசியும் தாமதமாகத்தான் வருகிறது. எடை நன்றாக இறங்கிய இரண்டு மாதமும் கரண்டு மோசமாக இருந்த மாதங்கள். அதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, எனக்கு ஞாபகம் இருக்கிறது, அவ்வளவுதான்.

அறிகுறி: பிளெண்டரிலிருந்து கருகல் வாடை

என் சொந்த ஊருக்கு வந்துவிட்டோம். உறைந்த பழத்தையும் ஐஸையும் தண்ணீரில்லாமல் போட்டு, வோல்டேஜ் இறங்கியிருக்கிற நேரத்தில் அழுத்திப் பிடித்தால் பிளேடு திணறும், மோட்டார் சூடாகும், உள்ளே இருக்கிற கம்பிச்சுருள் கருகும். பத்துப் பத்து நொடியாக விட்டுவிட்டு ஓட்டுங்கள். கெட்டியாக இருக்கட்டும் என்று நான்தான் சொன்னேன், உறைந்ததைப் போடச் சொல்லவில்லை. சத்தம் மட்டும் வந்து பிளேடு சுற்றவில்லை என்றால் மோட்டார் போகவில்லை, அடியில் இருக்கிற ரப்பர் கப்ளர் பல் தேய்ந்திருக்கிறது. அது சின்னச் செலவுதான், புது பிளெண்டர் வாங்கிவிடாதீர்கள்.

புளிச்ச வாடை என்றால் வாஷர். வாரத்துக்கு ஒருமுறை பிளேடைத் திருகிக் கழற்றி, வாஷரைத் தனியாக எடுத்து, பழைய பல்துலக்கும் பிரஷால் அந்தப் பள்ளத்தைத் தேயுங்கள். போன வாரம் ஓர் அக்கா அவரே கழற்றிச் சுத்தம் செய்துவிட்டு, வாஷரைத் திருப்பிப் போட்டு ஒழுகுகிறது என்று கொண்டுவந்தார். பழக்கத்தில் முகர்ந்து பார்த்தேன். சோப்பு வாடை மட்டும்தான். "நோஸி விட்டாச்சா அக்கா?" என்றேன். "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார். வாஷரைச் சரியாகப் போட்டுக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை.